தஹோ வீட்டுல பண்றது எப்படி, ஜெலட்டின் போட்டா ஆகுமா?

கேள்வி, 2020 ஏப்ரல் 12

அண்ணா, நான் பிலிப்பைன்ஸ்ல, டவாவ்ல மெடிசின் படிக்கிறேன். லாக்டவுன்ல ஹாஸ்டல்ல நாங்க தமிழ்ப் பசங்க அஞ்சு பேரு மாட்டிக்கிட்டோம், ஊருக்குப் போக வழியில்ல. தினமும் காலைல தஹோ சாப்பிட்டுப் பழகிட்டு இப்ப மூணு வாரமா தெருவுல தஹோ விக்கிறவர் சத்தமே இல்ல. வீடியோல ஒருத்தங்க கடையில விக்கிற சோயா பால்ல ஜெலட்டின் கலந்தா போதும், பத்து நிமிஷ வேலைங்கறாங்க. நிஜமா? நீங்க மணிலால ரொம்ப வருஷமா இருக்கீங்களே, சொல்லுங்க.

2020 ஏப்ரல் 12, ராத்திரி

ஆகும். ஒரு லிட்டர் சோயா பால், ஜெலட்டின் பொடி ஒரு பாக்கெட், சூடு பண்ணிக் கரைச்சு ஃப்ரிட்ஜ்ல வை, மேல சர்க்கரைப் பாகு, ஜவ்வரிசி. முடிஞ்சுது. இதுக்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேணாம் தம்பி. நாளைக்கு நானும் பண்ணிட்டு சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: தஹோங்கறது பிலிப்பைன்ஸ் தெருவுல காலங்காத்தால விக்கிற ஐட்டம். சுடச்சுட இளசான டோஃபு, அதுமேல அர்னிபல்னு பழுப்பு சர்க்கரைப் பாகு, அதுமேல சாகோன்னு ஜவ்வரிசி. பிளாஸ்டிக் கப்புல குடுப்பாங்க. குடிக்கிறதா சாப்பிடுறதான்னு இன்னும் எனக்குத் தீரல, ஸ்பூனும் போட்டுக்கலாம் அப்படியே உறிஞ்சவும் செய்யலாம்.

2020 ஏப்ரல் 14

மேல சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்.

பண்ணேன். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்தப்ப அழகா இருந்துது, ஆட்டினா தளதளன்னு ஆடுது. பாகு சூடா இருக்கணுமேன்னு அடுப்புலேர்ந்து எடுத்த உடனே மேல ஊத்தினேன். ரெண்டு நிமிஷம். கப்புல இருந்தது சர்க்கரை போட்ட சோயா பால், அடியில ஜவ்வரிசி. நம்ம உடம்புச் சூட்டுக்கே ஜெலட்டின் இளகிடும், அதனாலதான் வாயில வெச்சா கரையுது, அது மேல கொதிக்கிற பாக ஊத்துனா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கணும். பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல தஹோ சாப்பிடுறவன், தஹோ சூடா இருக்கும்ங்கற ஒண்ண மறந்துட்டு பதில் எழுதியிருக்கேன்.

ஜெலட்டின்னா மாட்டெலும்பு, பன்னித் தோல் சமாச்சாரம், ஹாஸ்டல்ல சைவம் யாராவது இருந்தா சொல்லிடுங்கன்னு கீழ ஒருத்தர் திட்டியிருக்காரு. சரிதான். அதையும் சொல்லியிருக்கணும்.

2020 ஏப்ரல் 15

கடல்பாசி போடலாமான்னு கேட்டவருக்கு: இங்க அதுக்கு குலாமன்னு பேரு, பாக்கெட் பாக்கெட்டா கெடைக்கும். சூட்டுக்கு லேசுல இளகாது, அது உண்மை. ஆனா அது வெட்டுனா துண்டு துண்டா நிக்கும், நோம்புக்கு வீட்டுல பண்ற கடல்பாசி இனிப்பு சாப்பிட்டிருப்பீங்களே அந்த மாதிரி. தஹோ அப்படி இருக்காது. கெராமத்துல மாடு கன்னு போட்ட ரெண்டாம் நாள் சீம்பால அவிச்சுத் தருவாங்க பாருங்க, அதவிட இன்னும் ரெண்டு சுத்து இளசா, நாக்க வெச்சா வழுக்கிட்டு உள்ள போறது, அதுதான் பதம். பல்லுக்கு வேலையே கெடையாது.

அப்போ உறைய வைக்கிற சாமானத்த தேடணும்.

2020 ஏப்ரல் 19

நீளமாப் போகும், அவசரம்னா கீழ குதிச்சுடுங்க.

நான் மணிலா பக்கத்துல மண்டலுயோங்ல இருக்கேன், கால் சென்டர், நைட் ஷிஃப்ட். காலைல அஞ்சரைக்கு ஆபீஸ் விட்டு வர்றப்ப ஊரே அப்பதான் கண்ணு முழிக்கும், எனக்குப் படுக்கப் போற நேரம். எங்க சந்து முனையில அந்த ஆளு வருவாரு. தோள்ல ஒரு கழி, ரெண்டு பக்கமும் அலுமினிய வாளி, அசல் காவடிதான். கழிக்கு இங்க பிங்காம்பாங்க. பெரிய வாளியில தஹோ, இன்னொண்ணுல பாகும் சாகோவும். "தஹோஓஓஓ"ன்னு கடைசி எழுத்த இழுப்பாரு, எங்க ஊர்ல "கோலமாவேய்"னு இழுப்பாங்களே அதே ராகம். இவங்களுக்கு மக்ததஹோன்னு பேரு. நானும் "பபிலி போ"ம்பேன், ஒண்ணு வாங்கிக்கிறேங்கன்னு அர்த்தம். இந்த "போ" வந்த புதுசுல என்னப் பாடா படுத்துச்சு. கடைக்காரம்மா, செக்யூரிட்டி, பஸ் கண்டக்டர் எல்லாரும் வாய்க்கு வாய் போ போங்கறாங்க, ஏன்டா எல்லாரும் விரட்டுறாங்கன்னு நெனச்சேன். அது நம்ம "ங்க" மாதிரி மரியாதை ஒட்டு.

சொல்ல வந்தது இது. நான் அந்த ஆள எவ்வளவு வருஷமா பாக்குறேன், வாளிக்குள்ள கைய விட்டு என்ன பண்றாருன்னு மட்டும் பாத்ததே இல்ல. தூக்கக் கலக்கத்துல காசக் குடுத்து கப்ப வாங்கி நடந்துகிட்டே சாப்பிட்டுட்டுப் போயிருக்கேன். இப்ப யோசிச்சுப் பாத்தா தட்டையா ஒரு கரண்டி ஞாபகம் வருது. அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உறைக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஜிப்சம், கால்சியம் சல்ஃபேட், இங்க யெஸோம்பாங்க. காலங்காலமா சீனாக்காரங்க போடுறது அது. எங்கப்பா திண்டிவனம் பக்கம் கல்லக்காட்டுக்கு மூட்டை மூட்டையா ஜிப்சம் கொட்டினவரு, அத நான் தின்னப் போறேன்னு சொன்னா நம்ப மாட்டாரு. ஹார்டுவேர் கடை ஜிப்சம், செவுத்துக்குப் பூசுற பிளாஸ்டர் எதையும் எடுத்துப் போட்டுடாதீங்க. சாப்பாட்டுக்குன்னு தனியா விக்கிறது தான்.

இன்னொண்ணு ஜிடிஎல், குளுக்கோனோ டெல்டா லாக்டோன். சக்கரை மாதிரி வெள்ளப் பொடி. தண்ணியில பட்டா மெதுவா, ரொம்ப மெதுவா புளிப்பா மாறும். நம்ம தயிர்ல புளிப்பு ஏற ஏற பால் உறையுதில்ல, அதே கதை, இங்க பாக்டீரியாக்குப் பதிலா பொடி. சூட்டுல அரை மணிக்குள்ள முடிஞ்சிடும். மெதுவா நடக்குறதாலதான் வழவழன்னு ஒரே கட்டியா உறையுது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சட்டுனு திரிஞ்சு பன்னீர் மாதிரி பொரிப்பொரியாப் போயிடும், அதனால அந்த ஐடியா குடுத்தவர் மன்னிக்கணும்.

ஒரு லிட்டருக்கு ஜிடிஎல் ஒரு டேபிள்ஸ்பூன்.

2020 ஏப்ரல் 20

மேல கடைசி வரி தப்பு. தப்பு தப்பு தப்பு. யாரும் பண்ணிடாதீங்க. ஒரு லிட்டர் சோயா பாலுக்கு மூணு கிராம் போதும், ரெண்டரையே போதும்னும் சொல்லலாம். நான் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டேன், உறைஞ்சுது, நல்லாவே உறைஞ்சுது, வாயில வெச்சா புளிச்ச மாங்கா. பாகு எவ்வளவு ஊத்தியும் அமுங்கல. வீட்டுக்காரி ஒரு வாய் வெச்சுட்டு கப்ப கீழ வெச்சா, ஒண்ணும் சொல்லல, அதுதான் பெரிய திட்டு.

என் தராசு கிராமுக்குக் கீழ காட்டாது, மூணுன்னு காட்டுறது மூணா நாலான்னு நம்ப முடியாது. அதனால பன்னெண்டு கிராம் நிறுத்து பேப்பர்ல கொட்டி கத்தியால நாலாப் பிரிச்சேன், அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பொடி மடிச்சுக் குடுப்பாரே அப்படி. நாலு பொட்டலம், நாலு லிட்டருக்கு ஆச்சு.

2020 ஏப்ரல் 20, கொஞ்ச நேரம் கழிச்சு

எங்க வாங்கினீங்கன்னு கேக்குறாங்க. ஜிடிஎல் பேக்கிங் சாமான் விக்கிற கடைல இருந்துது, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி ஆறு நாள் ஆச்சு. நேரா போறதுன்னா எங்க பாரங்காய் (இங்கத்து வார்டு ஆபீஸ்) குடுத்த குவாரன்டைன் பாஸ் ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான், அத எடுத்துகிட்டு அரிசி வாங்கப் போவேனா ஜிடிஎல் தேடி பினோண்டோ வரைக்கும் போவேனா. சாதாரண காலமா இருந்தா பினோண்டோதான், சீனாக்காரங்க பேட்டை, ஸ்பெயின்காரன் 1594லயே உண்டாக்குனது. அங்க கெடைக்காத சாமான் இல்ல.

2020 ஏப்ரல் 26

கடை சோயா பால் பத்தி. ரெண்டு பிராண்டு வாங்கினேன், ஒண்ணு உறைஞ்சுது ஒண்ணு உறையவே இல்ல, அப்படியே தண்ணியா மொறைச்சுது. அட்டையத் திருப்பிப் பாத்தா உறையாதது புரோட்டீன் ரொம்பக் கம்மி, சர்க்கரையும் வாசனையும் கெட்டிப்படுத்துற சாமானும்தான் ஜாஸ்தி. 100 மில்லிக்கு மூணரை கிராம் புரோட்டீனாவது இருக்கணும்னு இப்ப எனக்கு ஒரு கணக்கு. அது இல்லன்னா எந்த உறை போட்டாலும் வேலைக்காகாது, உறையறதுக்கு உள்ள சரக்கு வேணும்ல.

நாமளே சோயா அரைச்சுப் பால் எடுத்தா இந்தத் தலைவலி இல்ல. சோயாவுக்கு பழைய தகலாக் பேரு உத்தாவ், மார்க்கெட்ல சோயான்னே கேக்கலாம். கால் கிலோ, ராத்திரி பூரா ஊறணும், ரெண்டு மடங்கா ஊதிடும். காலைல தோல் கொஞ்சம் கசக்கி எடுத்துட்டு ரெண்டு லிட்டர் தண்ணி அளந்து வெச்சுகிட்டு அத ஊத்தி ஊத்தி மிக்சில அரைக்கணும், இட்லி மாவ விட நைசா. ஊர்லேர்ந்து கொண்டு வந்த மிக்சி இங்க ஓடும், 220 வோல்ட்டு தான், பிளக்கு முள்ளு மட்டும் தட்டை, ஒரு அடாப்டர் வேணும். வேட்டித் துணியில வடிகட்டிப் பிழியணும். என் பழைய வேட்டி ஒண்ணு இதுக்கே தியாகம் ஆச்சு.

அப்புறம் காய்ச்சணும், இங்கதான் கவனம். எண்பது எண்பத்தஞ்சு டிகிரியிலயே நுரை தள்ளிகிட்டு சர்ர்ருன்னு மேல வரும், பாத்தா கொதிச்சுட்ட மாதிரியே இருக்கும். கொதிக்கல. ஏமாத்து வேலை. அடுப்பக் கம்மி பண்ணி, நுரைய எடுத்துப் போட்டு, மறுபடி நெசமாவே கொதி வந்தப்புறம் பத்து நிமிஷம் கிண்டிகிட்டே நிக்கணும். பச்ச சோயா பால் வயித்துக்கு ஆகாது, அதுல நம்ம செரிமானத்தத் தடுக்குற சமாச்சாரம் இருக்கு, கொதிச்சாதான் போகும், அந்தப் பச்ச வாடையும் அப்பதான் போகும். நான் மொதல் தடவ நுரையப் பாத்து இறக்கிட்டேன். மிச்சத்த சொல்ல வேணாம்னு நெனக்கிறேன், வீட்டுல ஒரு பாத்ரூம்தான்.

அடிப்பிடிக்கும். அடி கனமான பாத்திரம் எடுங்க.

2020 மே 3

சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தர், இது எங்க ஊர் டாவ் ஹுவே தானே, இதுக்குப் போய் இவ்வளவு பில்டப்பாங்கறாரு. ஆமா, ஒரே குடும்பம்தான். ஹொக்கியன் பேசுற சீனாக்காரங்க போன எடமெல்லாம் கொண்டு போயிருக்காங்க, தஹோங்கற பேரே அவங்க வார்த்தை. இங்க கெட்டி டோஃபுக்கு டொக்வான்னு பேரு, அதுவும் அங்கேர்ந்து வந்ததுதான். மலேசியா ஈப்போல சாப்பிட்டவங்க கண்ண மூடிகிட்டு சொல்லுவாங்க அதப்பத்தி. ஆனா உங்க ஊர்ல வெள்ளப் பாகு, இல்லன்னா இஞ்சி. இங்க கருத்த பாகு, சாகோ. அர்னிபல்ங்கற வார்த்த ஸ்பானிஷ் அல்மீபார். டோஃபு சீனாவுது, பாகு பேரு ஸ்பெயினுது, சாகோ இந்தத் தீவுக்காரங்களுது, எல்லாம் ஒரே கப்புல. எது ஒசத்தின்னு சண்டை போட நான் வரல. (இதுதான் ஒசத்தி.)

2020 மே 4

பாகு கேட்டாங்க. பழுப்பு சர்க்கரைய இங்க செவப்பு சர்க்கரைன்னே சொல்லுவாங்க, அசுகால் ந புலா. ஒரு கப் சர்க்கரை, முக்கா கப் தண்ணி. நான் சர்க்கரைய மட்டும் மொதல்ல வாணலியில போட்டு லேசா உருக விட்டு, ஓரம் கருக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி தண்ணி ஊத்துறேன், சடசடன்னு தெறிக்கும், தள்ளி நில்லுங்க. கட்டியாயிடும், பயப்படாதீங்க, கொதிக்கக் கொதிக்கக் கரையும். ரம்பை இலை ஒண்ணு முடிச்சுப் போட்டுப் போடணும், இங்க பண்டான், இலங்கைக்காரங்களுக்கு சொல்லவே தேவையில்ல. பதம் முக்கியம். கைல தொட்டா பிசுக்குன்னு ஒட்டணும், கம்பி வந்துடக் கூடாது. கம்பி வந்துட்டா டோஃபுக்குள்ள எறங்காம மேல சட்டை போட்ட மாதிரி நிக்கும். அதிரசத்துக்குப் பாகு வெச்சுப் பழகுன கை இதுல தப்பு பண்ணும், என் வீட்டுல பண்ணுச்சு, பேரு சொல்லல.

கருப்பட்டி போடலாமான்னு தூத்துக்குடிக்காரர் கேட்டாரு. போட்டுப் பாத்தேன். நல்லா இருந்துச்சு, ஆனா பூரா கருப்பட்டிதான் பேசுச்சு, சோயா வாயவே தொறக்கல. அது வேற பலகாரம்.

2020 மே 4, மறுபடி

சாகோ மறந்துட்டேன். இங்க கடையில சாகோன்னு விக்கிறது பெரும்பாலும் மரவள்ளி மாவுதான், நம்ம சேலம் சரக்கு மாதிரியே. அசல் சாகோ ஒரு பனை மரத்தோட நடுத்தண்டுலேர்ந்து எடுக்கிற மாவு, தம்பி உங்க மின்டனாவ் பக்கம் அகுசான் சதுப்புல அந்த மரம் இருக்கு. என் மச்சான் ஆத்தூர்க்காரன், ஜவ்வரிசி மில்லுக்கு நடுவுல பொறந்தவன், அவன் சொன்னான்னு உப்புமாவுக்கு ஊற வைக்கிற மாதிரி இந்த ஊர் சாகோவ ராத்திரி தண்ணியில ஊறப் போட்டேன். காலைல பசை. போஸ்டர் ஒட்டலாம். ஊர் ஜவ்வரிசிய மில்லுல சூடு காட்டிதான் அனுப்புவான், அது தாங்கும். நான் வாங்குன இது பச்ச மாவு உருண்டை, நேரா கொதிக்கிற தண்ணியில போட்டாதான் உருண்டையா நிக்கும். நிறைய தண்ணி, அரை மணி, நடுவுல வெள்ளப் பொட்டு கொஞ்சம் மிச்சம் இருக்கறப்ப அடுப்ப அணைச்சு மூடி வெச்சா அதுவே போயிடும். பச்சத் தண்ணியில அலசிட்டு பாகுல போட்டு வெச்சிடுங்க, ஒட்டாது. ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரப்பர்.

2020 மே 10

எட்டாவது தடவ. இன்னும் சரியா வரல.

எல்லா அளவும் சரி. சோயா பால் நல்லா இருக்கு. ஜிடிஎல் பொட்டலம் இருக்கு. பாத்திரத்து அடியில ஒரு ஸ்பூன் தண்ணியில பொடியக் கரைச்சு, உடனே சூடான பால கொஞ்சம் ஒசரத்துலேர்ந்து ஒரே ஊத்தா ஊத்துறேன், ஊத்துற வேகத்துலயே கலந்துடும். மேல நுரைய எடுத்துடுறேன். மூடிக்கடியில துணி கட்டுறேன், ஆவித் தண்ணி சொட்டக் கூடாதுன்னு. அப்புறமும் பாதி நாள் ஒடஞ்சு ஒடஞ்சு, திரிஞ்ச பாலு மாதிரி.

வீட்டுக்காரி கண்டுபிடிச்சா. "நீங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தொறந்து பாக்குறீங்க, போன தடவ ஒரு ஸ்பூன விட்டு லேசா கிண்டுனத நான் பாத்தேன்"னா. கிண்டல, ஓரமா தொட்டுப் பாத்தேன்னு சொன்னேன். "தயிருக்கு உறை ஊத்திட்டு இப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பாப்பீங்களா?"

பதில் இல்ல என்கிட்ட.

2020 மே 11

ஊத்தினேன், மூடினேன், குளிக்கப் போயிட்டேன். வந்து அரை மணி கழிச்சுத் தொறந்தா கண்ணாடி மாதிரி. மேல என் மூஞ்சி தெரியுது.

2020 ஜூன் 21

நடுவுல சும்மா ஒண்ணு. தஹோவ ரயில்ல கொண்டு போலாமான்னு யாரோ கேட்டுருக்காங்க, கிண்டலுக்கா நெசமான்னு தெரியல. 2019 பிப்ரவரில எங்க மண்டலுயோங் போனி ஸ்டேஷன்ல திரவ ஐட்டம் உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு தடுத்த போலீஸ்காரர் மேல ஒரு பொண்ணு கையில இருந்த தஹோவ வீசிடுச்சு, நாடு பூரா அதே பேச்சு. நான் தினம் ஏறி எறங்குற ஸ்டேஷன். அப்ப எங்க ஆபீஸ்ல ஒரு வாரம் வாக்குவாதம், தஹோ திரவமா திடமான்னு. நான் திடம்னு கட்சி கட்டினேன். இப்ப என் சமையக்கட்டுல உறையாம நின்ன அந்த நாலஞ்சு பாத்திரத்தப் பாத்திருந்தா அன்னிக்கே கட்சி மாறியிருப்பேன்.

2020 ஜூலை 19

வந்துட்டாரு! காலைல ஆறு மணிக்கு ஜன்னல் வழியா சத்தம் கேட்டு செருப்புகூட மாத்திப் போட்டுகிட்டு எறங்கி ஓடினேன். மாஸ்க்குக்குள்ளேர்ந்து கத்துறதால "தஹோ" கொஞ்சம் அமுங்கிப் போச்சு, ஆனா அதே ராகம். நாலு மாசம் எங்க இருந்தீங்கன்னு கேட்டேன், ஊருக்குப் போக முடியல, தம்பி வீட்டுல இருந்தேன்னாரு, அதுக்கு மேல அவரும் சொல்லல நானும் கேக்கல.

இந்தத் தடவ கப்ப வாங்குறத விட்டுட்டு வாளியப் பாத்தேன். மூடியத் தொறந்தாரு. கரண்டி நான் நெனச்ச மாதிரி தட்டைதான், ஒரு சின்ன தகடு மாதிரி, குழியே இல்ல. மொதல்ல மேல நிக்கிற தண்ணிய அந்தத் தகட்டால வழிச்சு வெளிய ஊத்தினாரு. அப்புறம் தஹோவ சீவுனாரு. அள்ளல, சீவுனாரு. மெல்லிசா, வெத்தல கனத்துக்கு ஒரு ஏடு, கப்புல போட்டாரு, இன்னொரு ஏடு, இன்னொண்ணு. பாதி கப்புல கொஞ்சம் பாகு, மறுபடி ஏடு, மேல பாகு, சாகோ. பாகு ஏட்டுக்கு ஏடு நடுவுல எறங்குது. நான் வீட்டுல சாம்பார் கரண்டியால பெருசு பெருசா அள்ளிப் போட்டு, பாகு பூரா அடியில போய்த் தங்கி, மேல சப்புன்னு கீழ தித்திப்புன்னு சாப்பிட்டுகிட்டு இருந்தேன்.

நானும் வீட்டுல பண்ணேன்னு சொன்னேன். சிரிச்சாரு. "ஹுவக் மோங் ஹலுயின்"னாரு. கிண்டாதேன்னு அர்த்தம். அவருக்கு யாரு சொன்னா? இவ போய் சொல்லியிருப்பாளோன்னு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துடுச்சு. அவரு தஹோ பண்றதில்ல, விடியறதுக்கு முன்னாடி ஒரு எடத்துல காய்ச்சி வாளியில ஊத்திக் குடுப்பாங்க, அந்த வாளியிலயே உறையும், உறையற வரைக்கும் தொட விட மாட்டாங்களாம்.

2020 ஜூலை 20

தட்டைக் கரண்டிக்கு எங்க போறது, தோசைக் கரண்டி போதுமான்னு கேக்குறாங்க. காம்பு நீளம், சாய்ச்சுப் பிடிக்க முடியல, ஒடையுது. நான் சின்ன எவர்சில்வர் சம்படத்தோட மூடிய எடுத்துகிட்டேன், ஓரம் அரை விரக்கடைதான் ஒசரம். பெருங்காய டப்பா மூடிய எடுத்துடாதீங்க, எவ்வளவு கழுவினாலும் போகாது. அனுபவம்.

2020 ஆகஸ்ட் 2

கேள்வி கேட்ட தம்பி ஊருக்குப் போய்ச் சேந்துட்டானாம், மெசேஜ் போட்டிருந்தான். குவாரன்டைன்ல இருக்கான், தஹோ பண்ணவே இல்லியாம். இவ்வளவு நீளம் யாருக்கு எழுதினேன்னு தெரியல.

2022 நவம்பர் 13

இந்த இழைய யாரோ தோண்டி எடுத்திருக்காங்க. ஜிப்சமா ஜிடிஎல்லா, ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னு.

2020ல கேட்டிருந்தா ஜிடிஎல்னு சொல்லியிருப்பேன். இப்ப ஜிப்சம். நடுவுல கதை இருக்கு. சந்துல தஹோ திரும்பினப்புறம் நான் பண்றத நிறுத்திட்டேன், 20 பேசோக்கு அவரு சூடா குடுக்குறப்ப நான் ஏன் ராத்திரி சோயா ஊறப் போடணும். இந்த வருஷம் வீடு மாறினோம், 22வது மாடி. ஏசி, லிஃப்ட், எல்லாம் இருக்கு. தஹோக்காரர் சத்தம் மேல ஏறாது. கீழ வாசல்ல செக்யூரிட்டி உள்ளயும் விட மாட்டான். ஒரு நாள் பால்கனிலேர்ந்து பாத்தேன், ரோட்டுல எறும்பு சைசுக்கு ஒருத்தர் கழியோட போறாரு, வாயத் தொறக்குறாரு, ஒண்ணும் கேக்கல. லிஃப்ட் பிடிச்சு எறங்கறதுக்குள்ள போயிட்டாரு. அதனால மறுபடி மிக்சி.

இந்தத் தடவ பினோண்டோ போய் சாப்பாட்டு ஜிப்சம் வாங்கினேன். ஒரு லிட்டருக்கு நாலு கிராம், கூட ஒரு ஸ்பூன் சோள மாவு, மூணு ஸ்பூன் தண்ணியில கரைச்சு. கரையாது, அடியில தங்கும், அதனால பால ஊத்துறதுக்கு முந்தின நொடி கலக்கிட்டு ஊத்தணும். ஜிடிஎல் பாக்க அழகு, கண்ணாடி மாதிரி, ஆனா எவ்வளவு சரியா நிறுத்தாலும் அடி நாக்குல ஒரு சின்னப் புளிப்பு. ஜிப்சத்துல அது இல்ல, சோயா தித்திப்பு தெரியுது. கொஞ்சம் தண்ணி விடும், அதான் வழிச்சு ஊத்தத் தெரியுமே இப்ப. புதுசா பண்றவங்க ஜிடிஎல்ல ஆரம்பிங்க, அது உங்கள மன்னிக்கும். ஜிப்சம் மன்னிக்காது.

2023 பிப்ரவரி 26

மலை ஊரு பாகியோ போயிருந்தோம், பூத் திருவிழா சீசன். அங்க ஸ்ட்ராபெரி தஹோ விக்கிறாங்க, பக்கத்துல லா ட்ரினிடாட்ல வெளையுற பழம். பாகுக்குப் பதிலா செவப்பா பழப் பாகு. குளிர்ல சூடா கையில வாங்குறது சுகம்தான், போட்டோக்கும் நல்லா இருக்கு. ரெண்டாவது கப்புக்கு நான் சாதா தஹோவத் தேடிப் போனேன். பொண்ணு மூணு ஸ்ட்ராபெரி சாப்பிட்டா. வீட்டுல அந்தப் பாகு பண்ணித் தாங்கறா, பண்ணப் போறதில்ல.

2023 ஜூன் 4

சோயா பால் பிழிஞ்ச சக்கையை என்ன பண்றீங்கன்னு ரெண்டு பேரு கேட்டுருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கை நிறைய மிஞ்சும், இங்க சபால்ம்பாங்க. மொதல்ல கொட்டிகிட்டு இருந்தோம். இப்ப வடை. பச்சச் சக்கை, அதனால மொதல்ல வெறும் வாணலியில ஈரம் போக நல்லா வதக்கிக்கணும். ஊற வெச்ச கடலப்பருப்பு பாதிக்குப் பாதி கொரகொரன்னு அரைச்சு சேத்தாதான் பிடிக்கும். வெங்காயம், பச்ச மொளகா, சோம்பு. கறிவேப்பிலை இங்க தேடணும், முருங்கக் கீரை எங்க பாத்தாலும் இருக்கு, மலுங்காய்னு பேரு, காதுல விழும்போதே சொந்தக்காரங்க மாதிரி இருக்கும். அத வீட்டுக்காரி ரெண்டு கை உருவிப் போட்டுடுவா.

போன வாரம் கீழ வாசல்ல இருக்கற செக்யூரிட்டிக்கு தஹோ ஒரு கப்பும் வடை ரெண்டும் குடுத்தேன். தஹோக்கு "ஓகே போ"ன்னான். வடைக்கு மறுநாள் எறங்கி வந்தப்ப இன்னிக்கு இல்லியான்னு கேட்டான். இன்னிக்குக் காலைல அவன் கூட ஷிஃப்ட் பாக்குற ரெண்டு பேரும் கேட்டாங்க. இப்ப வீட்டுல சக்கை வேணும்ங்கறதுக்காக தஹோ பண்ணிகிட்டு இருக்கோம்.

எண்ணெய் நல்லா காயணும், இல்லன்னா சக்கை எண்ணெயக் குடிச்சிடும்.